வீரரை நினைக்கும் விதம்

ஒரு தேசம் தன் முன்னோரை மறப்பது பாவம். அவர்களைப் பிழைபட நினைப்பதும் அதற்குக் குறைந்த பாவமன்று. முன்னதைப் பற்றி நமது மேடைகளில் எத்தனையோ பிரசங்கங்கள் நிகழ்ந்துவிட்டன. சிலைகள் எழுந்தன, மண்டபங்கள் எழுந்தன, தெருக்களுக்கும் பள்ளிகளுக்கும் பெயர் சூட்டியாயிற்று. பின்னதைப் பற்றி வாய் திறப்போர் மிகச் சிலர். விழா நாளில் மாலை சூட்டுவது எளிது. மாலை பெற்றவர் யார், என்ன செய்தார், எதற்காக உயிர் கொடுத்தார், அவரை எதிர்த்தோர் எதற்காக எதிர்த்தனர் என்று ஆராய்வது கடினம். எளியதைச் செய்து முடித்தவுடன் கடமை தீர்ந்ததென்று நாம் வீடு திரும்பிவிடுகிறோம். தேசாபிமானம் என்பது இவ்வளவுதானா?

இக்கேள்வியை அந்தரத்தில் நிறுத்தி ஆராய்வதிற் பயனில்லை. கண்முன் உள்ள ஓர் உதாரணத்தைக் கொள்வோம். கட்டபொம்மன் பெயரை அறியாத சிறுவன் தமிழ்நாட்டில் இல்லை. எட்டப்பன் என்னும் பெயரை வசைமொழியாக வழங்காத ஊரும் இல்லை. இவ்விரு பெயர்களையும் நாம் எங்கிருந்து பெற்றோம்? பெரும்பாலோர் 1959-ம் வருஷத்தில் வெளிவந்த சினிமாப் படத்திலிருந்து பெற்றனர். மற்றையோர் அதற்கு முன்னிருந்த நாடகங்களிலிருந்தும் கதைப்பாடல்களிலிருந்தும் பெற்றனர். ஆதாரங்களைத் தாமே எடுத்துப் பார்த்தவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கேட்டால், விடை நமக்குப் பெருமை தருவதாயிராது.

தூக்குமரத்தடியில்

1799-ம் வருஷம் அக்டோபர் மாதம் 16-ந் தேதி, கயத்தாற்றில், பாளையக்காரர் பலரையும் வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்முன்னே பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரனைக் கும்பினியார் தூக்கிலிட்டனர். தண்டனையை நிறைவேற்றியவர் மேஜர் பானர்மன். அவர் மறுநாளே சென்னைக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. பகைவனின் எழுத்து அது, புகழ்வதற்காக எழுதப்பட்டதன்று. ஆயினும் அதில் அவர் கூறுவதைக் கேளுங்கள். விசாரணை நடந்த நேரமெல்லாம் கட்டபொம்மன் அஞ்சாமல் நிமிர்ந்து நின்றான். தன்னைப் பிடிப்பதில் ஊக்கங்காட்டிய எட்டயபுரம் பாளையக்காரரையும், சிவகிரிப் பாளையக்காரரையும் அடிக்கடி இகழ்ச்சியுடன் நோக்கினான். தூக்குமரத்துக்கு நடந்தபோது அவன் நடையில் தளர்ச்சியில்லை. வாய் பேசாத தன் தம்பியைப் பற்றி மட்டுமே கவலை தெரிவித்தான். மரத்தடியை அடைந்ததும், கோட்டையை விட்டு வந்ததற்காக வருந்தி, அதைக் காத்து அங்கேயே இறந்திருக்கலாகாதா என்றான்.

இதைவிடச் சிறந்த சாட்சியம் ஒரு வீரனுக்கு வேண்டுமோ? கவிஞன் கற்பனையன்று, நாடகாசிரியன் புனைந்த வசனமன்று. தூக்கிலிட்டவனே கையெழுத்திட்டுக் கொடுத்த அத்தாட்சி. இத்தகைய ஆதாரம் நம்மிடம் இருக்க, நாம் ஏன் சினிமா வசனத்தை மனப்பாடம் செய்து கொண்டிருக்கிறோம் என்பதே நமக்கு விளங்கவில்லை.

நடந்தது என்ன?

கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். ஆற்காட்டு நவாபு கடனில் மூழ்கியவர். அக்கடனை முகாந்தரமாகக் கொண்டு, 1792-ல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பாளையக்காரரிடம் பேஷ்குஷ் தண்டும் அதிகாரத்தைக் கும்பினியார் பெற்றுக் கொண்டனர். கடல் கடந்து வந்த வியாபாரக் கூட்டம் தெற்குச் சீமையில் வரி கேட்கும் எஜமானனாக ஆன விதம் இதுவே. பாளையக்காரர் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வந்த காவல் உரிமைகளும் அவர்கள் கண்ணை உறுத்தின.

1798-ல் கலெக்டர் ஜாக்ஸன், பாக்கியைக் காரணமாகக் காட்டித் தம்மை வந்து காணும்படி கட்டபொம்மனுக்கு உத்தரவிட்டார். கட்டபொம்மன் வந்தபோது கலெக்டர் குற்றாலத்தில் இருந்தார், பேட்டி கிடைக்கவில்லை. கலெக்டர் ஊர் ஊராகப் பிரயாணம் செய்ய, பாளையக்காரனும் பின்தொடர்ந்து அலைந்து, கடைசியில் செப்டம்பர் மாதத்தில் இராமநாதபுரத்தில் அவரைக் கண்டான். அங்கே அவன் மணிக்கணக்காக நிறுத்திவைக்கப்பட்டான். பிடிக்கப்படுவோம் என்று அறிந்து வெளியேற முயன்றபோது கைகலப்பு உண்டாயிற்று. கிளார்க் என்னும் லெப்டினெண்டு கொல்லப்பட்டார். தானாபதி சுப்பிரமணிய பிள்ளை கும்பினியார் கையில் அகப்பட்டார்.

இனி நடந்ததைப் பலர் அறியார். கட்டபொம்மன் சென்னைக் கவர்னருக்கு முறையிட்டான். கவர்னர் விசாரணைக் கமிட்டி ஒன்றை நியமித்தார். கமிட்டியார் கட்டபொம்மன் கூற்றைக் கேட்டனர். ஜாக்ஸன் நடத்தையிற் குற்றங்கண்டனர். தானாபதி விடுதலையானார்; ஜாக்ஸன் பதவியை இழந்தார்; லஷிங்டன் கலெக்டரானார். சினிமாவிலே கட்டபொம்மன் ஜாக்ஸனை நோக்கிக் கர்ஜிக்கிறான். கொட்டகை அதிரக் கரகோஷம் எழுகிறது. உண்மையிலோ அவன் அவமானத்தைப் பொறுத்து நின்றான். பிறகு முறையிட்டு, நியாயத்தின் ஒரு பகுதியை வென்றான். இரண்டிலும் எது பெரிது என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

சமாதானம் நீடிக்கவில்லை. 1799 மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டான். மைசூர் யுத்தத்திற் கட்டுண்டிருந்த கும்பினிப் பட்டாளத்துக்குக் கை ஓய்ந்தது. செப்டம்பர் 5-ந் தேதி பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். மண்கோட்டைதானே என்று எண்ணியவர் முதல் நாளே பலத்த சேதம் அடைந்தார். பெரும் பீரங்கிகள் வருமுன் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினான். தானாபதி பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையிற் புகுந்தபோது, தொண்டைமான் ஆட்கள் அவனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்புவித்தனர். அதன் முடிவே கயத்தாறு.

1801 பிப்ரவரியில் அவன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினான். இடிந்த கோட்டை சில நாட்களில் மீண்டும் எழுந்தது. மார்ச்சு மாதத்தில் வந்த படை தோற்றுத் திரும்பிற்று. மே மாதத்தில் கர்னல் அக்னியூ பெரும்படையுடன் வந்தபிறகே கோட்டை விழுந்தது. அந்த யுத்தத்திற் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ், 1830-ல் வெளியிட்ட தம் நினைவு நூலில், ஊமைத்துரையின் மீது ஜனங்கள் வைத்திருந்த அன்பை வியந்து எழுதியிருக்கிறார். போர்க்களத்திற் காயமுற்றுக் கிடந்த தன் மகனைத் தேடி வந்தாள் ஒரு தாய். அம்மகன், தன்னை விட்டுவிட்டு அருகே கிடக்கும் தலைவனைக் காப்பாற்றச் சொன்னான். அவள் அவ்வாறே ஊமைத்துரையை வீட்டுக்குக் கொண்டு சென்றாள். தேடி வந்த பகைவரிடம், வைசூரியால் இறந்தவன் உடல் இது என்று சொல்லி அவனைக் காத்தாள். இச்செய்தியையும் கும்பினி உத்தியோகஸ்தரான வெல்ஷே சொல்கிறார். பெற்ற மகனை விட்டு மாற்றான் மகனைத் தூக்கிச் சென்ற அத்தாயின் பெயர் நமக்குத் தெரியாது. அவளுக்குச் சிலையும் இல்லை.

இரு கட்சியார்

இனி வாதத்துக்கு வருவோம். ஒரு கட்சியார், கட்டபொம்மன் கொள்ளைக்காரன் என்கின்றனர். தமிழ்வாணன் அப்பட்டத்தையே தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதினார். இக்கட்சியார் எடுத்துக்காட்டும் ஆதாரம், அண்டைப் பாளையங்களின் கிராமங்களில் அவன் ஆட்கள் புகுந்து சூறையாடினர் என்னும் புகார்கள். மற்றொரு கட்சியார், சுதந்தர யுத்தத்தின் முதல் முழக்கம் அவனுடையதே என்கின்றனர். ம. பொ. சிவஞானம் நூலாலும் சொற்பொழிவாலும் இக்கட்சியை நாடெங்கும் நிலைநாட்டினார். 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதிய கால்டுவெல் பாதிரியார், பாளையக்காரர் ஆட்சியைக் கொடுமையென்றே கருதியவர். ஆயினும் பானர்மன் கடிதத்தை மறைக்கவில்லை. நா. வானமாமலை தொகுத்த கதைப்பாடல், எழுத்தறியாத ஜனங்கள் அவனை எவ்வாறு நினைத்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

இவற்றுள் எது மெய்? இக்கேள்வியைக் கேட்கும்போதே, ஏதேனும் ஒன்றுதான் மெய்யாயிருக்க வேண்டும் என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். தவறு அங்கேதான் பிறக்கிறது. பாளையக்காரர் ஒருவர் எல்லையில் ஒருவர் புகுவது அக்காலத்து வழக்கம். அதனால் துன்புற்ற குடியானவனுக்கு, வந்தவன் பாஞ்சாலங்குறிச்சியானா எட்டயபுரத்தானா என்பது பெரிதன்று. போனது அவன் நெல்லும் மாடும். அக்குடியானவன் புகாரை நாம் கேளாதிருக்க முடியாது. அவன் கண்ணீரும் நமது சரித்திரமே. ஆனால் அப்புகாரை எழுதி வைத்தவர் யார்? அவனிடமே பட்டாளத்தைக் கொண்டு வரி பறித்த கும்பினியார். திருடனைப் பற்றித் திருடன் எழுதிய கணக்கை ஒரு வரியும் நீக்காமல் ஒப்புக்கொள்வதும் நியாயமன்று.

அவன் இந்தியா முழுமைக்கும் சுயராஜ்யம் கேட்டான் என்று சொல்வோரும் அவனுக்கு உபகாரம் செய்யவில்லை. 1799-ல் திருநெல்வேலிப் பாளையக்காரன் ஒருவனுக்கு அந்த எண்ணம் இருந்ததென்று காட்ட ஆதாரம் இல்லை. அவன் தன் மண்ணுக்காக, தன் மரியாதைக்காக, அந்நியன் முன் தலைவணங்க மறுத்ததற்காக இறந்தான். அது போதாதா? ஒரு மனிதன் செய்ததற்கு மேல் ஒன்றைச் செய்ததாகச் சொன்னால், அவன் மெய்யாகச் செய்தது சிறுத்துப் போகிறது. மறுநாள் எவனோ ஒருவன் ஆதாரத்துடன் வந்து மிகையை உடைக்கும்போது, மெய்யும் அதனுடன் உடைந்து விழுகிறது. பொய்யால் வீரனை உயர்த்துவோர், அவனைக் கொள்ளைக்காரன் என்போருக்கு ஆயுதம் வார்த்துக் கொடுக்கிறார்கள்.

எட்டப்பன் என்னும் வசை

கட்டபொம்மனுக்கு நாம் செய்த குறை மிகை கூறியது. எட்டயபுரத்துக்கு நாம் செய்த குறை வேறு. எட்டப்பன் என்பது ஒரு மனிதனின் பெயரன்று. அவ்வமிசத்தார் பரம்பரையாகத் தாங்கிய பட்டம். அவர்கள் முன்னோன் ஒருவன் மல்லன் ஒருவனைப் போரில் வென்று கொன்றான் என்றும், திக்கற்ற அவன் தம்பியர் எண்மரைத் தன் மக்களாக ஏற்று வளர்த்தான் என்றும், அதனால் எட்டுப் பேருக்கு அப்பன் என்னும் பெயர் பெற்றான் என்றும் அவ்வமிச வரலாறு சொல்கிறது. கதை மெய்யோ பொய்யோ, அநாதைகளுக்குத் தந்தையானவன் என்னும் பொருளில் வழங்கிய சொல், இன்று காட்டிக் கொடுப்பவன் என்னும் பொருளில் அகராதியேறிவிட்டது.

எட்டயபுரத்தார் குற்றமற்றவர் என்று நாம் வாதிக்கவில்லை. அவர்கள் கும்பினிப் பக்கம் நின்றார்கள். தப்பியோடிய கட்டபொம்மனைக் கோலார்பட்டியில் தாக்கியவர்கள் அவர்கள் ஆட்களே. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையம் பறிக்கப்பட்டபின் அதன் நிலங்களிற் பங்கும் பெற்றார்கள். அந்நியனுக்குத் துணைபோன பழி அவர்களுக்கு உண்டு. அதைச் சரித்திரம் துடைக்காது. ஆனால் மறைவிலிருந்து காட்டிக் கொடுத்த நண்பன் என்பது வேறு. எல்லைத் தகராற்றால் நெடுங்காலம் பகைத்த அண்டை அயலான் வெளிப்படையாக எதிரியுடன் சேர்வது வேறு. எட்டயபுரத்தார் செய்தது இரண்டாவது. கட்டபொம்மனைப் பிடித்து ஒப்புவித்ததோ புதுக்கோட்டைத் தொண்டைமான். அப்படியிருக்க அவர் பெயர் வசையாகவில்லை. எட்டப்பன் பெயர் ஆயிற்று. ஏன்? மேடைக்கு ஒரு துரோகி வேண்டியிருந்தது. ஒருவரே போதும் என்று நாடகம் தீர்மானித்தது. நாம் அத்தீர்ப்பைச் சரித்திரமென்று ஏற்றுக் கொண்டோம்.

இதனால் நேர்ந்த நஷ்டத்தைப் பாருங்கள். எட்டயபுரம் என்றவுடன் துரோகத்தை நினைக்கிறோம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த ஊர் அது. முத்துசாமி தீக்ஷிதர் 1835-ல் தம் கடைசி மூச்சை விட்ட ஊர் அது. சுப்பராம தீக்ஷிதரின் ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி 1904-ல் அச்சேறத் துணைநின்ற ஸமஸ்தானம் அது. பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பாரதி என்னும் பட்டத்தை வழங்கியதும் அந்த ஊர்ச் சபையே. தேசாபிமானத்துக்குத் தமிழிற் குரல் கொடுத்தவன் பிறந்த ஊரின் பெயரையே தேசத் துரோகத்துக்கு உவமையாக்குவது விசித்திரமன்றோ? ஓர் அமிசத்தின் ஒரு தலைமுறை செய்த பிழைக்கு, அப்பெயரை என்றென்றைக்கும் கழுவிலேற்றுவது நியாயமாகுமா?

பெயரும் பகையும்

நிற்க. பிழைபட்ட நினைவினால் வரும் தீங்கு வசைச் சொல்லோடு முடிவதில்லை. நமது நாட்டில் தலைவர் பெயர்களை ஜில்லாக்களுக்கும் சர்க்கார் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டிவந்தனர். திருநெல்வேலி, கட்டபொம்மன் பெயரால் வழங்கிற்று. தூத்துக்குடி, சிதம்பரனார் பெயரால் வழங்கிற்று. 1997-ல், வீரன் சுந்தரலிங்கம் பெயரால் ஒரு போக்குவரத்துக் கழகம் ஏற்படுத்தப்பட்டது. சுந்தரலிங்கம் யார்? பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்காகக் கட்டபொம்மன் படையிற் போரிட்டு மாண்டவன் என்று தெற்கத்தி ஜனங்கள் போற்றும் வீரன். அவன் பிறந்த ஜாதியைக் காரணமாகக் கொண்டு, அப்பெயர் தாங்கிய வண்டியில் ஏறமாட்டோம் என்று சிலர் எதிர்த்தனர். கலகம் மூண்டது, உயிர்கள் போயின. முடிவில் சர்க்கார், கழகங்களிலிருந்தும் ஜில்லாக்களிலிருந்தும் எல்லாத் தலைவர் பெயர்களையும் நீக்கிவிட்டனர். கட்டபொம்மன் பெயரும் போயிற்று; சிதம்பரனார் பெயரும் போயிற்று.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். 1799-ல் ஒரே கோட்டைச் சுவருக்குள் தலைவனும் படைத்தலைவனும் தோளோடு தோள் நின்றனர். அவர்கள் ஜாதி வேறு, பாஷையும் வேறாயிருக்கலாம், வீழ்ந்த மண் ஒன்று. இருநூறு வருஷங்களுக்குப் பின், சுதந்தரம் பெற்ற நாட்டில், அவர்கள் பெயர்கள் ஒரே சாலையில் ஓடமுடியவில்லை. பீரங்கியாற் கோட்டையைத் தகர்த்த அக்னியூவுக்கும் கைவராத பிரிவினையை நாம் சாதித்துவிட்டோம். ஏன் இவ்வாறு ஆயிற்று? வீரனுடைய செயலை நினைப்பதை விட்டு, அவன் பிறப்பை நினைத்தோம். ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் வீரனைத் தம் வீட்டுச் சொத்தாக்கினார்கள். சொத்தென்று ஆனபின் வழக்கு வராமல் என் செய்யும்?

செய்யத்தக்கது

கும்பினியார் பாஞ்சாலங்குறிச்சியைத் தரைமட்டமாக்கினர். ஊரின் பெயரையே கணக்குகளிலிருந்து எடுத்துவிட்டனர். ஆயினும் அப்பெயர் அழியவில்லை. பாடுவோர் நாவில் இருந்தது. கேட்போர் நெஞ்சில் இருந்தது. பின்னர் சிவாஜி கணேசன் கயத்தாற்றிற் சிலை வைத்தார். 1974-ல் சர்க்கார் பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டினர். 1999-ல் தபால் தலை வெளிவந்தது. திருநெல்வேலிக்கருகே 1990-ல் தொடங்கிய கடற்படைத் தளத்துக்கும் அவன் பெயரே. நினைவுச் சின்னத்துக்கு நமக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் அறிவுக்குத்தான்.

ஆகவே செய்யத்தக்கவற்றைச் சொல்வோம். பானர்மன் கடிதம், ஜாக்ஸன் விசாரணை, வெல்ஷின் நூற்பகுதி ஆகியவை நல்ல தமிழில், குறைந்த விலையில், ஒவ்வொரு வாசகசாலையிலும் கிடைக்க வேண்டும். கதைப்பாடல்களும் அவற்றின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஏட்டில் எழுதாத ஜனங்களின் சாட்சியமும் சாட்சியமே. பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்கள் இரு கட்சி வாதங்களையும் மாணவர் முன் வைத்து, எது ஏற்கத்தக்கது என்று அவர்களையே ஆராயச் செய்யவேண்டும். கட்டபொம்மன் விழாவில் சுந்தரலிங்கத்தின் பெயரும், தானாபதியின் பெயரும், பெயர் தெரியாத அத்தாயின் செயலும் சொல்லப்பட வேண்டும். எட்டப்பன் என்னும் வசையை மேடையில் எடுத்து வீசுவதற்கு முன், வீசுகிறவர் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

இவ்வாறெல்லாம் ஆராய்ந்தால் வீரனிடத்துப் பக்தி குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் வீண். பித்தளையைத்தான் உரைகல்லில் தேய்க்க அஞ்சவேண்டும். தன்னைத் தூக்கிலிட்டவன் எழுத்திலேயே வீரனாக நிற்கும் ஒருவனுக்கு, நம் மிகையும் வேண்டாம். நம் பகையும் வேண்டாம். உண்மை ஒன்றே போதும். ஆதாரங்களைத் தேடுவோம், அச்சமின்றி வாதிப்போம், வாதம் முடிந்தபின் ஒன்றாய் நின்று வணங்குவோம். சுதந்தரம் பெற்ற ஜனங்களுக்கு அழகு அதுவே.